டகோட்டாவின் மெய்யும் பெயரும்

போர்விமானம் ஒன்று ஓய்வு பெற்றால், நாற்சந்தியிலோ கல்லூரி வாயிலிலோ பீடம் எழுப்பி, அதை மூக்கு வானத்தை நோக்கும்படி ஏற்றிவைத்து, வணங்காத குறையாகப் போற்றுகிறோம். அரிசியும் உப்பும், கடிதப் பைகளும் மண்ணெண்ணெய்ப் பீப்பாய்களும், காயம்பட்ட சிப்பாய்களும் வீடிழந்த அகதிகளும் ஏறி இறங்க ஆயுள் முழுவதும் உழைத்த சரக்கு விமானமோ, சேவையிலிருந்து விலக்கப்பட்ட சில காலத்திற்குள் ஓடுதளத்தின் ஓரத்துப் புல்லில் மறந்து விடப்படுகிறது. பிறகு எடைக்கு விற்கப்படுகிறது. ஆகவே, பழைய சரக்கு விமானங்களில் எஞ்சியிருப்பவை எவை, எங்கே, எந்த நிலையில் என்று விசாரிக்கப் புகுந்தவனுக்கு, காட்சிசாலைகளின் பட்டியல்கள் அரைவழித் துணைதான். மற்ற அரைவழியைப் பதிவேடுகளிலும், உலோகத் தகடுகளில் பொறித்த எண்களிலும், சில வேளைகளில் மலைச்சரிவுகளிலும் கடலடியிலும் தேட வேண்டியிருக்கிறது. பாரத தேசத்தில் இந்த விசாரணைக்கு மிகவும் பொருத்தமான விமானம் டகோட்டா.

அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனம் வடிவமைத்த டி.சி.-3 விமானம் 1935-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி முதன்முதலாக வானேறியது. யுத்தம் மூண்டதும் அதன் தரையை வலுப்படுத்தி, பின்புறத்தில் அகன்ற சரக்குக் கதவை வைத்து, சி-47 என்று பெயரிட்டு ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்தார்கள். பிரிட்டிஷ் விமானப்படை அதற்கு இட்ட பெயரே டகோட்டா. நம் நாட்டில் நிலைத்ததும் அந்தப் பெயர்தான். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் 10,655 விமானங்களும், அனுமதி பெற்று ரஷ்யர்கள் கட்டிய 4,937 விமானங்களும், ஜப்பானியர் கட்டிய 487 விமானங்களும் சேர்ந்து மொத்தம் பதினாறாயிரத்துக்கு மேற்பட்டவை உருவாயின. பதினான்கு சிலிண்டர்களும் 1,200 குதிரைசக்தியும் கொண்ட இரண்டு பிராட் அண்டு விட்னி எஞ்சின்கள், 95 அடி இறக்கை விரிவு, ஆயுதபாணிகளான 28 வீரர்களுக்கு இடம் என்பவை அதன் லட்சணங்கள். யுத்தத்தில் வெற்றி தேடித் தந்த சாதனங்களை எண்ணிய தளபதி ஐசனோவர், புல்டோசரையும் ஜீப்பையும் இரண்டரை டன் லாரியையும் சொல்லி, அவற்றோடு இந்த விமானத்தையும் சேர்த்தார். அந்த நான்கில் ஒன்றுகூடச் சுடுவதற்காகச் செய்யப்பட்டதன்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

தேசூரில் பிறந்து பட்டுத்தறிகளின் ஓசைக்கிடையே வளர்ந்த ஒருவனுக்கு, டகோட்டாவின் சரித்திரத்தில் முதலில் கண்ணில் படுவது உலோகமன்று, துணி. பர்மாப் போர்முனையில் ஜெனரல் ஸ்லிம்மின் பதினான்காம் சேனை காட்டுக்குள் முன்னேறியபோது, பாதைகள் இல்லாத இடங்களில் உணவையும் குண்டுகளையும் வானிலிருந்து பாராசூட்டில் இறக்கியே அதை வாழவைக்க வேண்டியிருந்தது. ஜப்பானிலிருந்து வந்துகொண்டிருந்த பட்டு அறவே நின்றுவிட்ட காலம் அது. மைசூர்ச் சீமையின் பட்டுநூலுக்குப் பாராசூட் துணிக்கென்றே பெருந்தேவை எழுந்தது. அப்படியும் சேனை கேட்ட அளவில் பாராசூட்டுகள் கிடைக்கவில்லை. அந்த நெருக்கடியில், கல்கத்தாவின் சணல் ஆலைகளில் சணல் துணியாலேயே பாராசூட் நெய்து தைத்துப் பார்த்தார்கள். ஒழுங்கான பாராசூட் ஒன்றுக்கு 20 பவுன் ஆகுமிடத்தில் சணல் பாராசூட் ஒரு பவுனுக்குச் சற்றே அதிகமான செலவில் முடிந்தது. நூற்றுக்கு 85 பங்கு திறமையோடு அது மூட்டைகளைத் தரைக்குக் கொண்டுசேர்த்தது. ஆட்களை அதில் இறக்கத் துணியவில்லை. அரிசி மூட்டைக்கு அது போதுமானதாயிருந்தது. பட்டின் இழையையும் சணலின் இழையையும் அருகருகே தொட்டுப் பார்த்தவர்களுக்கு, அந்த ஆலைத் தொழிலாளிகள் சாதித்தது எத்தகைய காரியம் என்பது எளிதில் விளங்கும். சணல் பாராசூட் கட்டிய மூட்டைகளைக் கதவு வழியே உதைத்துத் தள்ளிய விமானங்கள் பெரும்பாலும் டகோட்டாக்களே.

யுத்தம் முடிந்ததும் அமெரிக்கர்கள் இந்தியாவில் விட்டுச்சென்ற உபரி விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. பெங்களூரில் வால்சந்த் ஹீராசந்த் 1940-இல் தொடங்கிய இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை அவற்றைப் பழுதுபார்த்து, படைவிமானத்தின் வெறுந்தரையில் இருக்கைகள் பொருத்தி, பிரயாணிகளுக்கு உகந்ததாக மாற்றிக் கொடுத்தது. நிஜாம் அரசும் டாட்டாவும் சேர்ந்து நடத்திய டெக்கான் ஏர்வேஸ் முதற்கொண்டு புதிதாய் முளைத்த கம்பெனிகள் எல்லாம் டகோட்டாவை நம்பியே பிழைத்தன. அந்தக் கம்பெனிகளை ஒன்றாக இணைத்து 1953 ஆகஸ்டில் இந்தியன் ஏர்லைன்ஸ் பிறந்தபோது, அதன் கைக்கு வந்த 99 விமானங்களில் 74 டகோட்டாக்கள். 1949 முதல் நடந்த இரவுத் தபால் சேவையில் சென்னை, பம்பாய், கல்கத்தா, தில்லி ஆகிய நான்கு திசைகளிலிருந்தும் விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடி, தபால் பைகளை மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் தத்தம் ஊர் திரும்பின. அந்தப் பணியைத் தொடங்கிவைத்ததும் டகோட்டாதான். கடலுக்கு அப்பால், ஏர் சிலோன் 1947 டிசம்பர் 10-ஆம் தேதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் முதல் சேவையை ஆரம்பித்தபோது பறந்ததும் ஒரு டகோட்டாவே. அதற்கு ‘சீதாதேவி’ என்று பெயர் சூட்டியிருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடையிலிருந்த தூரம் அன்றைக்குச் சில மணி நேரமாகச் சுருங்கிற்று.

இத்தனை உழைத்த யந்திரம் எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தும் ஆங்காங்கே பறந்துகொண்டிருப்பதற்குக் காரணம் அதன் அங்க அமைப்பு. ஒற்றை முதுகெலும்பை மட்டும் நம்பாமல், பல அறைகளாகப் பகுக்கப்பட்ட கூண்டுபோல இறக்கையைக் கட்டும் முறையை ஜாக் நார்த்ரப் என்ற நிபுணர் வகுத்திருந்தார்; டக்ளஸ் அதையே கைக்கொண்டது. ஓரறை பழுதானாலும் பாரத்தை மற்ற அறைகள் ஏற்றுக்கொள்ளும். மிக உயரத்தில் பறக்காததால் உள்ளறையில் காற்றழுத்தம் ஏற்றப்படுவதில்லை. ஒவ்வொரு பயணத்திலும் உப்பி ஒடுங்கி உலோகம் களைத்துப்போகும் ஆபத்து அதற்கு இல்லை. எஞ்சினுக்கு வெளிப்புறமாக இறக்கையின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை நீண்டு ஓடும் ஒரு தகட்டுப் பட்டை தெரியும். அதைக் கழற்றினால், உள்ளே நெருக்கமாக வரிசை பிடித்து நிற்கும் போல்ட்டுகள். அவற்றை ஒவ்வொன்றாகத் தளர்த்தினால் வெளி இறக்கை முழுவதும் கையோடு வந்துவிடும். வேறொரு டகோட்டாவின் இறக்கையை அதே துளைகளில் பூட்டிவிடலாம். டகோட்டாவின் தீர்க்காயுசுக்கும், அதைத் தேடுகிற ஆராய்ச்சியாளனின் சங்கடத்துக்கும் மூலம் இந்த ஒரு வசதியே.

எங்கள் ஊர்த் தறிவீடுகளில் தாத்தா காலத்துத் தறி என்று சொல்லிக் காட்டுவார்கள். படமரம் மாறியிருக்கும், பண்ணையும் விழுதும் பலமுறை மாறியிருக்கும், மிதிபலகை நேற்றுச் செய்ததாயிருக்கும், ஆனாலும் குழி பழைய குழியானபடியால் தறி தாத்தாவுடையதுதான். விமானத்துக்கு அப்படி ஒரு குழி இல்லை. எஞ்சின் மாறுகிறது, இறக்கை மாறுகிறது, வால் மாறுகிறது, நிறமும் எண்ணும் நாடும் மாறுகின்றன. ஆகவே நடு உடலையும், அதில் தொழிற்சாலை பொறித்த வரிசை எண்ணையும் ‘இதுவே இன்ன விமானம்’ என்பதற்கு ஆதாரமாகக் கொள்வது இத்துறையினரின் சம்பிரதாயம். அந்த எண்ணோடு அமெரிக்கப் படையின் எண் ஒன்று சேரும். பிரிட்டிஷாருக்குக் கைமாறியிருந்தால் இரண்டு எழுத்தும் மூன்று இலக்கமும் கொண்ட எண் சேரும். இந்தியாவுக்கு வந்தபின் படையின் எண்ணோ, ‘வி.டி.’ என்று தொடங்கும் சிவில் பதிவோ சேரும். ஓக்லஹோமா தொழிற்சாலையில் பிறந்தவற்றுக்கோ வரிசை எண்ணே இரட்டையாக அமைந்துவிட்டது. இந்த எண்களை ஒன்றோடொன்று கோத்து, உலகத்திலுள்ள ஒவ்வொரு டகோட்டாவின் ஜாதகத்தையும் கணிக்க ஜெனிஃபர் கிராடிஜ் என்ற ஆங்கில மாது தம் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். ஏர்-பிரிட்டன் என்னும் சங்கம் வெளியிட்ட அவருடைய பெருநூல்கள் இல்லாமல் இத்துறையில் ஒருவரும் ஓரடி வைக்க இயலாது.

கதவும் ஒரு சாட்சி. பிரயாணிகளுக்கென்றே பிறந்த டி.சி.-3-க்குக் குறுகிய கதவுதான். படைக்கென்று பிறந்த சி-47-க்கு இடப்பக்கத்துப் பின்பகுதியில் அகன்ற இரட்டைக் கதவு, அதன் முன் இலைக்குள்ளேயே ஆள் குதிப்பதற்கான சிறு கதவு. பிற்காலத்தில் எத்தனை மெத்தை இருக்கைகள் போட்டு அலங்கரித்திருந்தாலும், அந்த இரட்டைக் கதவின் விளிம்புக்கோடு மறையாமல் நின்று, இது முன்னொரு காலத்தில் ஜீப்பையும் பீரங்கியையும் விழுங்கிய உடல் என்று அறிவித்துவிடும்.

மெய் ஒரு வழியும் பெயர் ஒரு வழியும் போனதற்கு நம் தேசத்தில் கண்கண்ட உதாரணம் ‘பரசுராமா’. 1947 அக்டோபர் 27-ஆம் தேதி விடியலில், லெப்டினன்ட் கர்னல் திவான் ரஞ்சித் ராயின் தலைமையில் முதலாம் சீக்கியப் பட்டாளத்து வீரர்களை ஏற்றிக்கொண்டு தில்லியிலிருந்து ஸ்ரீநகருக்குப் பறந்த டகோட்டாக்கள் காஷ்மீரத்தின் கதியை நிர்ணயித்தன. அவற்றில் படைக்குரியவற்றை ஓட்டியது, இந்திய விமானப்படையில் 1946-இன் இறுதியில் டகோட்டாவைப் பெற்ற பன்னிரண்டாம் ஸ்குவாட்ரன். அன்று முன்னணியில் பறந்தவற்றில் ஒன்றின் எண் வி.பி. 905. அடுத்த ஆண்டு மே 24-ஆம் தேதி, சரியான வரைபடமும் அழுத்த அறையும் இல்லாமல், இமயத்தின் சிகரங்களுக்கிடையே வழி கண்டு, ஜெனரல் திம்மய்யாவை உடன் ஏற்றிக்கொண்டு லேயின் புதுமண் ஓடுதளத்தில் விமானி மேஹர் சிங் இறங்கியதும் டகோட்டாவில்தான். இத்தகைய கீர்த்தி பெற்ற விமானங்களில் பறக்கும் நிலையில் ஒன்றுகூட விமானப்படையிடம் எஞ்சவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்க முன்வந்தவர், டகோட்டா விமானியாயிருந்த ஏர் கமடோர் எம்.கே. சந்திரசேகரின் புதல்வர் ராஜீவ் சந்திரசேகர். 2011-இல் அயர்லாந்தில் பழைய உலோகமாகிப் போகவிருந்த ஒரு டகோட்டாவைக் கண்டுபிடித்து வாங்கி, இங்கிலாந்தின் கவன்ட்ரியில் பல ஆண்டுகள் பழுதுபார்க்கச் செய்து, விமானப்படைக்குக் காணிக்கையாக்கினார். 2018 ஏப்ரல் 17-ஆம் தேதி அங்கிருந்து புறப்பட்ட விமானம் பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ், ஜோர்டான், சவூதி அரேபியா, பஹ்ரைன், ஓமன் என்று தத்தித் தத்திப் பறந்து 25-ஆம் தேதி ஜாம்நகரை அடைந்தது. மே 4-ஆம் தேதி ஹிண்டன் தளத்தில் ‘பரசுராமா’ என்ற பெயரோடு சம்பிரமமாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டது. அதன் வாலில் எழுதப்பட்ட எண் வி.பி. 905. உடலோ 1944-இல் அமெரிக்காவில் பிறந்து, வேறு வரிசை எண் தாங்கி, வேறு படைகளிலும் கம்பெனிகளிலும் உழைத்த உடல். ஸ்ரீநகரின் மண்ணை 1947-இல் தொட்ட சக்கரங்கள் இவையல்ல.

இதைச் சொல்வதால் அந்தக் கொடையின் பெருமைக்கு இழுக்கு ஏதும் இல்லை. மகன் தகப்பனாருக்குச் செய்த மரியாதை அது, தேசம் தன் வீரர்களுக்குச் செய்த மரியாதையும் அது. ஆனால் என் அபிப்பிராயத்தில், எண்ணை வரைந்த அந்த வாலுக்குக் கீழே, இந்த உடலின் சொந்தப் பெயரும் பூர்வ சரித்திரமும் ஒரு சிறு தகட்டிலாவது பொறிக்கப்பட வேண்டும். முதல் வி.பி. 905 போனதும், அதன் பெயரைத் தாங்க இன்னொன்று கடல் கடந்து வந்ததும் ஆகிய இரண்டையும் பார்க்கிறவன் அறிந்தால்தான், அவன் பார்த்தது சரித்திரம் ஆகும்.

இதற்கு நேர்மாறான கதை கலிங்கத்தில் நடந்தது. விமானியாகவும் தொழிலதிபராகவும் இருந்து பின்பு ஒரிசாவின் முதல்வரான பிஜு பட்நாயக் ‘கலிங்கா ஏர்லைன்ஸ்’ நடத்தினார். 1947 ஜூலையில், டச்சுக்காரர்கள் தாக்கத் தொடங்கியிருந்த ஜாவாவுக்கு மனைவி ஞானதேவியுடன் டகோட்டாவில் பறந்து, இந்தோனேசியத் தலைவர் சுதான் ஷாரீரை வெளியே கொண்டுவந்தார். அவருடைய கம்பெனியின் வி.டி.-ஏ.யூ.ஐ. என்ற டகோட்டா, கல்கத்தா டம்டம் விமான நிலையத்தில் பல பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. 2023 ஜனவரியில் அதைப் பாகம் பாகமாகப் பிரித்து, லாரிகளில் ஏற்றி, சாலை வழியாகப் புவனேஸ்வரத்துக்குக் கொண்டுவந்து மீண்டும் பூட்டினார்கள். இங்கே உடலும் பெயரும் பிரியாமல் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. பறக்கும் சக்தி ஒன்றுதான் வரவில்லை. பறக்காத உண்மை விமானம் ஒன்றும், பெயரை மாற்றிப் பூண்டு பறக்கும் விமானம் ஒன்றுமாக இரண்டும் நம்மிடம் இருப்பது பாக்கியமே. ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், ஆராய்ச்சியாளன் புவனேஸ்வரத்தைத்தான் தேர்வான்.

அதே கம்பெனியின் இன்னொரு விமானம், வி.டி.-சி.எல்.ஏ., திரும்பி வரவே இல்லை. மலாயா செஞ்சிலுவைச் சங்கத்தின் மருந்துகளை ஏற்றிக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து யோக்யகர்த்தாவுக்குப் போன அதை 1947 ஜூலை 29-ஆம் தேதி டச்சுப் போர்விமானங்கள் சுட்டு வீழ்த்தின. இந்தோனேசிய விமானப்படையின் முன்னோடிகளான அதிசுசிப்தோவும் அப்துல் ரஹ்மான் சாலேயும் அதில் மாண்டனர். விழுந்த இடத்தருகே ஞாபகச் சின்னம் எழுந்தது, அந்தத் தேதியை அந்நாட்டு விமானப்படை ஆண்டுதோறும் அனுஷ்டிக்கிறது. ஆச்சே மக்கள் நிதி திரட்டித் தம் குடியரசுக்கு வாங்கிக் கொடுத்த ‘சுலாவா’ என்ற டகோட்டா கல்கத்தாவில் பழுதுபார்க்கப்பட்டு, 1949 ஜனவரியில் பர்மாவில் வாடகைக்குப் பறந்து, போராடிக்கொண்டிருந்த நாட்டுக்குப் பணம் சம்பாதித்தது. ஆர்.ஐ.-001 என்ற அதன் எண்ணைத் தாங்கிய விமானங்கள் இன்று ஜகார்த்தாவிலும் பாண்டா ஆச்சேயிலுமாக ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நிற்கின்றன. பெயர் பெருகுவதும் உடல் மறைவதும் நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல.

பதிவேடுகள் முடியுமிடத்தில் மலை தொடங்குகிறது. 1942 முதல் 1945 வரை, அஸ்ஸாமிலிருந்து இமயத்தின் கிழக்குக் கூன்முதுகைத் தாண்டிச் சீனாவுக்குச் சாமான் கொண்டுபோன விமானங்களில் சுமார் 600 விழுந்து அழிந்தன. அவற்றில் டகோட்டாக்களும் பல. அருணாசலத்து மலைவாசிகள் அந்தச் சிதைவுகளின் அலுமினியத்தைப் பாத்திரங்களாகவும் கருவிகளாகவும் ஆக்கிக்கொண்டார்கள். அதற்காக அவர்களைக் குறை கூறுவது நியாயமன்று. அமெரிக்கரான கிளேடன் கியூல்ஸ் உள்ளூர் வேட்டைக்காரர்களைத் துணைகொண்டு பல்லாண்டுகள் அந்தக் காடுகளில் நடந்து, எஞ்சின் எண்களையும் தகட்டு எண்களையும் படித்து, எந்தச் சிதைவு எந்த விமானம், அதில் இருந்தவர் யார் என்று நிர்ணயித்து, காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்குச் சேதி சொன்னார். அங்கே சேகரித்த பாகங்களுக்காகப் பாசிகாட்டில் 2023 நவம்பரில் ஒரு காட்சிசாலை திறக்கப்பட்டது. இரண்டு விரற்கடை அகலமுள்ள ஒரு தகடு, அறுபது எழுபது ஆண்டுகள் காத்திருந்த ஒரு குடும்பத்தின் சந்தேகத்தைத் தீர்க்க வல்லது என்றால், எண்களைத் தொகுப்பது பொழுதுபோக்கு என்று எவர்தாம் சொல்லக்கூடும்?

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு துயரமான சாட்சியம் உண்டு. 2016 ஜூலை 22-ஆம் தேதி தாம்பரத்திலிருந்து போர்ட்பிளேருக்கு 29 பேருடன் புறப்பட்ட விமானப்படையின் ஏ.என்.-32 சரக்கு விமானம், எண் கே-2743, வங்கக் கடலின் மேல் மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் தேடியும் அகப்படவில்லை. ஏழாண்டுகளுக்குப் பின், சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம், கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதறிக் கிடந்த பாகங்களைப் படம்பிடித்தது. அந்தப் படங்களை ஆராய்ந்து, அவை ஏ.என்.-32-க்கு உரியவையே என்று 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். கடலடியில் கிடப்பதை இன்னதென்று அறிவதற்கு, கரையில் அதே வகை விமானமும் அதைப் பற்றிய சான்றுகளும் வேண்டும். ஒப்பிட ஒன்றுமே இல்லாதபடி ஒரு வகையை அடியோடு உருக்கிவிடும் தேசம், தன் காணாமற்போன பிள்ளைகளை அடையாளம் காணும் வழியையும் சேர்த்து உருக்கிவிடுகிறது.

டகோட்டாவின் இடத்தை நிரப்புவதற்கென்று கான்பூரில் நாமே கட்டிய அவ்ரோ-748 இப்போது அதே துறையில் வந்து நிற்கிறது. விமானப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி சுப்ரதோ முகர்ஜியின் பெயரால் ‘சுப்ரதோ’ எனப்பட்ட முதல் கான்பூர் விமானம் 1961 நவம்பர் 1-ஆம் தேதி பறந்தது. மொத்தம் 89 கட்டப்பட்டன. அவற்றில் 17 இந்தியன் ஏர்லைன்ஸுக்கும் ஏனையவை விமானப்படைக்கும் சென்றன. 2021-இல் ஒப்பந்தமான 56 சி-295 விமானங்கள் ஒவ்வொன்றாக வந்து சேரச் சேர, அவ்ரோக்கள் ஒவ்வொன்றாக விலகும். டகோட்டாவுக்கு அமெரிக்கர்களும் ஆங்கிலேயர்களும் ஜாதகம் எழுதி வைத்தார்கள். கான்பூரின் பிள்ளைகளுக்கு அதை எழுத வேண்டியவர்கள் நாம். ஒவ்வோர் உடலின் வரிசை எண், அது பறந்த தளங்கள், மாற்றிய இறக்கை, மாற்றிய எஞ்சின், ஓட்டியவர்களின் குறிப்பேடு ஆகியவற்றை, விமானங்கள் இன்னும் ஓடுதளத்தில் நிற்கும் இந்தச் சில ஆண்டுகளுக்குள் ஒரே இடத்தில் தொகுத்து அச்சிட்டு வைக்க வேண்டும். அந்த வேலையை விமானப்படையும், கான்பூர்த் தொழிற்சாலையைத் தன்னகத்தே கொண்ட இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸும் சேர்ந்து தொடங்குமானால், 89 வரிகளில் முதல் வரியாக ‘சுப்ரதோ’வின் வரலாற்றை எழுதலாம்.